எஞ்சின் இறக்கிய கதை

எங்கள் ஐயாவின் கார் வருவதை, அது மருதனார்மடச் சந்தியைத் தாண்டும்போதே அம்மா காதால் கண்டுபிடித்துவிடுவார். முதலில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், பிறகு "டொக்கு டொக்கு" என்று உலக்கை போடும் சத்தம், அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய்ப் புகை மணம் என்று மூன்றும் வரிசையாக எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சேரும். முதற் சத்தத்துக்கே அம்மா கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார். கார் படலைக்குள் நுழையும்போது ஐயாவின் தேத்தண்ணி ஆறத் தொடங்கியிருக்கும்.

அந்தக் காரை ஊரில் "ஏ-போட்டி" என்பார்கள். அதில் வரும் "போட்டி" இங்கிலீசில் நாற்பது என்ற எண் என்பது எனக்குப் பத்து வயதுவரை தெரியாது. போட்டி என்றால் வேகமாக ஓடுவது என்று நினைத்திருந்த எனக்கு, சைக்கிளில் போகிறவர்களெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு எங்களை முந்திப் போவது பெரிய புதிராக இருந்தது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றி எழுப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது யுத்த காலத்துப் பழக்கம். யுத்தத்தில் மூடிய கொழும்புப் பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் ஐயா அதைக் கைவிடவில்லை. எஞ்சின் அந்த ருசிக்குப் பழகிவிட்டது என்று சொல்வார்.

பழகிய எஞ்சின் ஒரு சனிக்கிழமை காலையில், ஆஞ்சநேயருக்கு வடைமாலை கொண்டுபோன ஒரு குடும்பத்தோடு, மருதனார்மடச் சந்தியின் நட்டநடுவில் நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்பிடித்துக்கொண்டு, இனி ஓர் அங்குலமும் அசையமாட்டேன் என்று நின்றது. குடும்பம் வடைமாலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தது. ஐயா காரைத் தள்ளுவித்துக்கொண்டு சின்னராசா மாமாவின் வண்டி திருத்தும் கராச்சுக்குப் போனார்.

செய்தி பரவ, ஊர்ச்சனம் துக்கம் விசாரிக்க வருவது போல எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிப் போடவேண்டியதாயிற்று. "எப்ப நடந்தது?", "முதலே ஏதும் வருத்தம் இருந்ததோ?", "கடைசியாய்ச் சத்தம் ஏதும் போட்டதோ?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்ததும் கட்சி பிரிவார்கள். பழைய எஞ்சினையே பிரித்துக் கட்டவேண்டும் என்பது ஒரு கட்சி. அதைத் தூக்கி எறிந்துவிட்டு யப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டவேண்டும் என்பது மற்றக் கட்சி. சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாதவர்கள்தான் இரண்டு கட்சியிலும் உரத்துப் பேசினார்கள்.

இதில் அவசரம் ஒன்று இருந்தது. சுன்னாகத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் ஸ்ராண்டில் ஐயாவின் காருக்கு ஓர் இடம் உண்டு. அங்கே முறை வைத்துத்தான் வாடகைக்கு ஓடுவார்கள். இடம் இல்லாத வண்டிக்கு முறையும் இல்லை, ஓட்டமும் இல்லை. பாதை திறந்தபின் வான்கள் வந்து குவிய, இடம் கேட்டுக் காத்திருப்போர் தொகை பெருகியது. அதனால், ஒரு மாதத்துக்கு மேல் ஓடாமல் நிற்கும் வண்டியின் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று ஸ்ராண்ட்காரர் கூடிச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தை எழுந்து நின்று முன்மொழிந்தவர் எங்கள் ஐயா. "தன்வினை தன்னைச் சுடும்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அந்த இடம்தான் எங்கள் சோறு என்பது அவருக்கும் தெரியும்.

சின்னராசா மாமா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "சிலிண்டரை ஏற்கெனவே மூண்டு தரம் கடைஞ்சாச்சு, தம்பி. இன்னும் ஒருக்கால் கடையலாம், அதோடை சரி. மாத்திறதெண்டாலும் பூட்டித் தாறன். வீட்டிலை கதைச்சு ஒரு முடிவாய்ச் சொல்லும்" என்றார். வீட்டில் கதைப்பதென்றால், ஐயா கதைப்பதும் அம்மா அரிசியில் கல் பொறுக்குவதும்தான். ஐயாவின் மனம் யப்பானில் இருந்தது. அம்மா ஒரே ஒரு தடவை, "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாய்ப் போகும்" என்றார். அதில் யார் அரசன், யார் புருசன் என்று ஐயா கேட்கவில்லை. கொழும்புக்குப் போய் எஞ்சின் வாங்கி வருவதென்று முடிவெடுத்துவிட்டார்.

இங்கே எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்போடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு "இறக்குவது" என்றால் வெளியிலிருந்து தருவிப்பது. சுன்னாகம் சந்தையில், "இந்தியா வெங்காயம் இறக்கியிருக்கு" என்பார்கள். கராச்சுக்காரருக்கோ எஞ்சினை "இறக்குவது" என்றால் வண்டியிலிருந்து கழற்றிக் கீழே வைத்து, பிரித்து, தேய்ந்ததைச் சரிசெய்து, திரும்பக் கட்டுவது. சந்தைக்கும் கராச்சுக்கும் நடுவே அரை மைல் தூரம்கூட இல்லை.

பஸ் ஏறப் போகும் அவசரத்தில் ஐயா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, சின்னராசா மாமாட்டைப் போய், எஞ்சின் இறக்கிறதெண்டு முடிவாம் எண்டு சொல்லிவிடு" என்றார். வழியெல்லாம் அதை மந்திரம் போல உருப்போட்டுக்கொண்டு சைக்கிள் உழக்கினேன். மாமா ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். கால்கள் இரண்டும் மட்டும் தெரிந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கால்கள், "இறக்கிறதோ? இறக்கிக் கட்டத்தானே?" என்று கேட்டன.

"ஓம் மாமா" என்றேன்.

பெரியவர்கள் எதைக் கேட்டாலும் "ஓம்" என்று சொல்லவேண்டும் என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். கழுதை பறக்குமோ என்று மாமா கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொழும்பில் ஐயா ஓர் உறவினர் வீட்டில் தங்கி, கடை கடையாக ஏறி இறங்கி, பெண் பார்க்கிற மாதிரி எஞ்சின் பார்த்தார். இடையில் ஒருநாள் சுன்னாகத்தில் கொமினிக்கேசன் என்ற தொலைபேசிக் கடைக்கு அழைப்பெடுத்து அம்மாவை வரவழைத்து, "அங்கை அலுவல் எப்பிடி?" என்று கேட்டார். "சின்னராசா அண்ணை இறக்கிப்போட்டார்" என்றார் அம்மா. "நல்லது" என்று ஐயா வைத்துவிட்டார்.

ஸ்ராண்ட்காரரின் ஒரு மாதக் கெடு முடிய மூன்றே நாள் இருக்க, லொறி ஒன்றில் யப்பான் எஞ்சினோடு ஐயா கராச்சுக்கு வந்து இறங்கினார். அங்கே மேசையில், சாம்பல் பூசி மினுக்கிய குத்துவிளக்கு மாதிரி, எங்கள் பழைய எஞ்சின் புதுப் பிஸ்டன்களோடு கட்டி முடிந்து இருந்தது.

"அண்ணை, உதை ஆர் உங்களைக் கட்டச் சொன்னது?"

"நீர்தானே இறக்கச் சொல்லி ஆள் விட்டனீர்!"

"நான் இறக்கிறதெண்டு சொன்னது இறக்கிறதை!"

"நானும் அதைத்தானே செய்தனான். இறக்கினனான்!"

ஒரே சொல்லை இரண்டு பேரும் இருபது தரமாவது ஒருவர் முகத்தில் ஒருவர் எறிந்தார்கள். பிறகு ஐயா என் பக்கம் திரும்பினார். "மாமாட்டை என்ன சொன்னனி?" சொன்னேன். "வேறை?" "ஓம் எண்டு சொன்னனான்." ஐயா யப்பான் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. எங்கள் ஐயாவின் இடத்தை நானே பறித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அழுதேன், வீட்டில் அழப் பயமாக இருந்தது.

ஆனால் நடந்தது வேறு. யப்பான் எஞ்சினைப் பூட்டுவதென்றால் தாங்கிகளை வெட்டி ஒட்டவேண்டும், கியர்பெட்டி மாற்றவேண்டும், இரண்டு கிழமை பிடிக்கும் என்றார் மாமா. பழையது அதன் இடத்தில் அப்படியே போய் உட்காரும். பழையதையே பூட்டச் சொல்லி ஐயா தலையை ஆட்டினார். கடைசி நாள் பின்னேரம் ஏ-போட்டி சுன்னாகத்துக்குள் நுழைந்தபோது, காத்திருந்த வான்காரர் ஐயாவின் இடத்தில் ஏற்கெனவே வானை விட்டு, மாலை போட்டு, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காயும் வைத்து முடித்திருந்தார். நல்ல நேரம் பார்த்து முன்னுக்கு ஏறி நசிக்கவேண்டிய தேசிக்காயைப் பின்னுக்கு எடுத்து நசித்துக்கொண்டு அவர் வெளியேற நேர்ந்தது. அடுத்த மாதம் யப்பான் எஞ்சினை வாங்கித் தன் வானில் பூட்டிக்கொண்டவரும் அவர்தான்.

அதன் பிறகு ஐயாவின் கதை மாறிவிட்டது. ஒன்று ஓட, ஒன்று கையிருப்புக்கு என்று தானே யோசித்து இரண்டு வழியும் பார்த்து வைத்ததாக ஸ்ராண்டில் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். என்னோடு பழையபடி கதைத்தார். அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்று அந்த ஸ்ராண்டில் முறையும் இல்லை, காரும் இல்லை. ஆட்டோக்கள் நிற்கின்றன, கைத்தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. காதால் ஆளை அறிந்து கேத்தல் வைக்கிற வேலை அம்மாவுக்கு இல்லாமல் போய்விட்டது. ஐயாவின் கண் மங்கியபோது ஏ-போட்டியை நெல்லியடிப் பக்கம் ஒரு விடுதிக்காரர் வாங்கிப் போனார். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அதைப் பார்க்கவேண்டும் என்று ஐயா பிடிவாதம் பிடிக்க, மூன்று பேருமாக ஓர் ஆட்டோவில் போனோம்.

விடுதி வாசலில் சிவப்புப் பெயின்ற் பூசி நிறுத்தியிருந்தார்கள். ஐயா தடவித் தடவி முன்மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை. மூன்று குரோட்டன் சாடிகள் இருந்தன. "பாரமெண்டு கழட்டிப்போட்டம் ஐயா. சனம் படம் எடுக்கத்தானே வருது" என்றார் விடுதிக்காரர்.

ஐயா கையை உள்ளே விட்டுச் சாடிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்போது அம்மா, இனி மறைக்க எஞ்சினே இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சொன்னார்: "அண்டைக்குப் பழசைக் கட்டச் சொன்னது நான்தான். பிள்ளை சொன்னது மட்டும் போதாதெண்டு சின்னராசா அண்ணை அண்டு பின்னேரமே சந்தையிலை வைச்சு என்னட்டைக் கேட்டவர். யப்பான் எஞ்சின் வந்தால் நீங்கள் வவுனியா, கொழும்பெண்டு ஓடித் திரிவியள். பழசெண்டால் பொழுதுபடமுன்னம் வீட்டை வருவியள். அதுதான் கட்டச் சொன்னனான். என்னைக் காட்டிக் குடுக்கவேண்டாமெண்டும் அண்ணையிட்டைச் சொன்னனான்."

எனக்கு வாய் பிளந்தது. "அப்ப ஏனம்மா அண்டைக்கே சொல்லேல்லை?"

"உன்னோடையெண்டபடியால் ரெண்டு நாள். என்னோடையெண்டால் ரெண்டு மாதம் கதையாமல் இருந்திருப்பார்."

ஐயா மூடியைச் சாத்தினார். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. என் முகம் இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்து, "அப்ப நான் இந்தப் பிள்ளையோடை ரெண்டு நாள் அநியாயமாய்க் கதையாமல் இருந்திட்டன்" என்றார்.

ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். அம்மா வெளியே பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நெல்லியடியிலிருந்து வீடு வந்து சேரும்வரை ஐயா என்னோடு மட்டும் கதைத்துக்கொண்டே வந்தார்.