சீம்பால் சாப்பிட்ட தெரு

பதினோராம் வகுப்பில் வைரஸ் பாடம் எடுக்கும்போது, வெறிநோய், அதாவது ரேபிஸ், வருகிற பக்கத்தை மட்டும் “நீங்களே படிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், ஒரு பக்கம் குறைந்தது. என் அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்தப் பக்கத்தைத்தான் நான் ரொம்ப நன்றாக நடத்துவேன்.

வைரஸை உயிர் என்றும் சொல்ல முடியாது, சடம் என்றும் தள்ள முடியாது. வெளியே கிடந்தால் வெறும் தூசி. ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டால் வீட்டுக்காரனையே வேலைக்காரனாக்கிவிடும். செல் தன் வேலையைப் போட்டுவிட்டு வைரஸைச் செய்துகொண்டே இருக்கும். வெறிநோய் வைரஸ் அதில் பெரிய கள்ளன். ரத்தத்தின் வழியாகப் போனால் உடம்பின் காவலுக்குத் தெரிந்துவிடும் என்பது போல, காயத்துக்குள் சத்தம் காட்டாமல் கிடந்து, ஒரு நரம்பு நுனியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்கு ஏறும். அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்கும். பிறகு விழுங்க விடாது. விழுங்கினால் எச்சில் வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். வாயில் தேங்கினால்தான் அடுத்த உடம்புக்குப் போகலாம். மொத்தம் ஐந்தே ஐந்து ஜீன். மூளை கிடையாது, யோசனை கிடையாது, நம்மேல் பகையும் கிடையாது. எனக்கு ஆத்திரமே அதில்தான். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மதினிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அங்கிருந்தபடியே ஒரு பசுமாடு வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் விடுமுறைக்கு வந்ததும் மாடு கன்று போட்டதும் சரியாக இருந்தது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு மதினி அவித்தார். அதைத் தெரு முழுக்கக் கொடுக்க வேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். மஸ்கட்காரர் வீட்டுச் சீம்பால் என்று அண்ணனே கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாராம். அவருக்கு அப்படிக் கொடுப்பதில் தனிப் பெருமை.

சில நாட்களில் மாடு தீனியில் வாய் வைக்கவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. கத்தலும் கரகரத்துப்போனது. மாடு எச்சில் வடித்தால் எங்கள் ஊரில் முதலில் நினைப்பது, மாங்கொட்டையோ பனங்கொட்டையோ தொண்டையில் மாட்டிக்கொண்டது என்றுதான். பல தடவை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

“தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு. கயித்த இழுத்துப் புடிங்க” என்று சொல்லிவிட்டு, அண்ணன் வலது கையை முழங்கை வரைக்கும் மாட்டின் வாய்க்குள் விட்டுத் துழாவினார். அன்று காலையில்தான் வேலிக்குக் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார். கையெல்லாம் கீறல். தொண்டையில் ஒன்றும் அகப்படவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பித்தமாக இருக்கும் என்றார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். மாட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “நாய் எதுவும் கடிச்சுச்சா?” என்று கேட்டார். மதினிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சினையாக இருந்தபோது மேய்ச்சலில் ஒரு நாய் அதன் மூக்கைக் கவ்வியிருக்கிறது. மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு மறந்துபோனார்.

“எச்சி பட்டவங்க சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. உடனே போய் ஊசி போட்டுக்கங்க” என்று மருத்துவர் சொன்னார். சாயங்காலம் மாடு செத்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

எச்சிலைப் பற்றித் தெருவில் ஒருவருக்கும் கவலை இல்லை, ஏனென்றால் அது தெருக்காரர்கள் யார் மேலும் படவில்லை. சீம்பாலை எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஷேர் ஆட்டோவாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் வேலை பார்க்கிற புதுக்கோட்டையிலிருந்து போனில் தொண்டை கிழியக் கத்தினேன், அவித்த பாலில் வைரஸ் உயிர் தப்பாது என்று. “நீ சாப்பிடல, நீ பேசுவ” என்று பக்கத்து வீட்டு அத்தை போனை வைத்துவிட்டார்.

அந்த வரிசையில்தான் அண்ணனும் நின்றார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் அவர் கையால் சீம்பால் வாங்கியவர்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரு கிழவி கேட்கும்படியாகவே ஏசினார். நர்ஸ் “நீங்களும் சீம்பாலா?” என்று கேட்டபோது, “ஆமா சிஸ்டர்” என்றிருக்கிறார் அண்ணன். எல்லோருக்கும் வந்ததுதான் எனக்கும் என்று நிற்பது அவருக்கு மரியாதையாகப் பட்டிருக்கிறது. பால்தானே என்று, பயம் தெளிய எல்லோருக்கும் போட்டது போல அவருக்கும் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அந்தக் கீறல்களைப் பார்த்தேன். பொருக்குத் தட்டியிருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் மாட்டு வாய்க்குள் கை விட்ட கதை வந்தது.

“அண்ணே, ஒனக்கு ஒரு ஊசி பத்தாது. காயத்தைச் சுத்தி வேற ஒரு மருந்து போடணும். மிச்ச ஊசியும் போடணும். பயணத்தைத் தள்ளிப்போடு.”

“தள்ளிப்போட்டா வேற ஆளப் போட்ருவான் பாப்பா. மிச்சத்த அங்க போய்ப் போட்டுக்கிறேன். டீச்சர் சொன்னா கேக்க மாட்டமா?” என்று சிரித்தார். மறுநாள் திருச்சியில் விமானம் ஏறிவிட்டார்.

நான் போன் செய்யும்போதெல்லாம் “போட்டாச்சு, போட்டாச்சு” என்றார். போடவே இல்லை. நாய்க்கடி ஊசி என்று தெரிந்தால் ஒரே அறையில் படுக்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று அவருக்குக் கூச்சம். வரிசையில் நின்றபோதும் கூச்சம், அங்கேயும் கூச்சம். நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

மழைக்காலம் வந்து போனது. தாயில்லாக் கன்றைப் பாட்டில் பால் கொடுத்து மதினி தேற்றிவிட்டார். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் விடுமுறை, வீடியோ காலில் அண்ணன் வந்தார். பேசிக்கொண்டே வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாகக் குறுகுறுக்கிறதாம். காய்ச்சலும் இருக்கிறதாம். அறை நண்பர் டீ கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கழுத்து வெட்டி இழுத்தது. டீ முழுக்கப் படுக்கையில் கொட்டியது.

“தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு” என்றார்.

“உப்புத் தண்ணியில கொப்புளிங்க” என்றார் மதினி. தண்ணீர் என்ற பேச்சுக்கே அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கையில்தான் போன் இருந்தது. அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதிப்போட்டவள் நான். அண்ணன் போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், தேறிவிடும் என்று நான் சொல்வதற்காக. சொன்னேன். அவர் போனை வைத்ததும் நண்பரைத் தனியாக அழைத்து, எந்த ஆஸ்பத்திரியானாலும் உடனே கொண்டுபோங்கள், மாட்டு எச்சில் என்று மறக்காமல் சொல்லுங்கள் என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மதினி ஆவூர் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு, “சரியாயிரும்ல?” என்று என்னிடம் கேட்டார். அவரிடமும் சரியாகிவிடும் என்றேன்.

பெட்டி திருச்சிக்கு வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திறக்காமலே கல்லறையில் வைத்தோம்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மதினி இன்றைக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

“தொண்டையில என்னமோ சிக்கிருச்சுன்னு எங்கிட்டயே சொன்னாரு. மாட்டுக்கு ஒண்ணுன்னதும் கைய விட்டுப் பாத்த மனுசன். அவருக்குக் கைய விட்டுப் பாக்க அங்க ஒரு ஆளு இல்லாமப் போச்சே.”