அக்கா சுருட்டிய இலை

எங்கள் வீட்டில் வாய் மச்சானுக்கு, பொறுமை அக்காவுக்கு, கோபம் எனக்கு. மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். தங்கத்தைக் கம்பியச்சின் துளைகளில் இழுத்து இழுத்து முடி கனத்துக்கு மெலிய வைப்பது என் வேலை. அக்கா அதைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் சுருட்டிச் சட்டத்துக்குள் அடுக்குவாள். மச்சான் அதன்மேல் பற்றுப்பொடி தூவி, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டவைப்பார். ஊர் மொத்தத்தையும் மச்சான் வேலை என்றே சொல்லும்.

அவரும் மறுத்ததில்லை. "சுருட்டுறது யாரு வேணா சுருட்டலாம்டா. தங்கம் சிவக்குற பதம் இருக்கே, அது கண்ணுல இருக்கணும். ஒரு நொடி தாண்டினா பொடியோட சேர்ந்து கம்பியும் உருகிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா நிமிராமலே, "ஆமாமா, உங்க கண்ணுதான் கண்ணு. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க, அதையும் கொஞ்சம் பாருங்க" என்பாள். வாங்க வந்தவர்கள் அவளிடம் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அவரைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

அக்கா உட்காரும் இடம் ஜன்னலடி. அவ்வளவு மெல்லிய கம்பிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஊதும்போது அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். காற்று அசைந்தால் தீயும் அசையும். அந்த நேரத்தில் உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டுந்தான். நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன வருடம் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மேசையில் அவள் கடைசியாக அடுக்கிய பதக்கம் இருந்தது. இலை வடிவம், நரம்புக்கு நரம்பு சுருள். எல்லாம் வெறும் பசையில்தான் நின்றன. பக்கத்தில் தும்மினால் போச்சு. மச்சான் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதை மூடினார். அதற்கப்புறம் தீயே மூட்டவில்லை. திருப்பிப் போட்ட சட்டையோடு தெருவில் போனார், சொல்ல ஆளில்லை.

பிறகு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். இந்தப் பக்கத்துக் கம்பி வேலைக்கென்று தனி அறை வைக்கிறார்களாம். மச்சான் கிண்ணத்தைக் காட்டி, "இதைச் சுருட்டினவ பேரைப் போடுவீங்களா?" என்று கேட்டார். போடுகிறோம், ஆனால் ஒட்டாமல் எப்படி எடுத்துப்போவது, ஊதிக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. மச்சான்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இறங்கிப்போனது.

ஊதுகிற அன்று மச்சான் குளித்துவிட்டு வந்தார்.

"மத்ததெல்லாம் வித்தாச்சுடா. அவ கை வேலைன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு."

"உங்க கண்ணு மேல உங்களுக்கே சந்தேகமா மச்சான்?"

சிரித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே உட்கார்ந்து ஊதல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சீராக வந்தது. பிறகு நின்றது. கூப்பிடுவார் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை.

கதவைத் திறந்தால் அறை முழுக்க வெயில். ஊத வைத்த கரிக்கட்டியின்மேல் இலை இல்லை. ஒரு தங்க உருண்டை கிடந்தது. மச்சான் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவக்கவே இல்லடா" என்றார். "இப்ப சிவக்கும், இப்ப சிவக்கும்னு ஊதினேன். இந்த வெளிச்சத்துல சிவப்பு எங்க தெரியும்? நான் ஊதுறப்ப ரூம் எப்பவும் இருட்டாத்தான் இருக்கும். ஏன்னு நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல. நான் குழலை எடுத்ததும் அவ எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தியிருக்கா. இத்தனை வருஷமும்."

எனக்கு அழுகைதான் வந்தது.

"தங்கம் எங்கயும் போயிடல மச்சான். நான் மறுபடி கம்பியா இழுத்துத் தரேன்" என்றேன்.

"இழுத்து? சுருட்ட யாருடா இருக்கா?" என்றார்.

உருண்டையை எடுத்துத் தராசில் வைத்தேன். தொழில் பழக்கம், கை தானாகப் போனது. அக்காவிடம் நான் கொடுத்த தங்கத்தில் ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை.