அண்ணா ஓடிய நூறு சுற்று

இந்த நினைவு மலரில் என் அண்ணாவின் கோயில் தொண்டைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார் எங்கள் மாமா. "கார் ஓட்டக் கதையை விட்டிடு பிள்ளை, சனம் சிரிக்கும்" என்றும் சொன்னார். அண்ணா கோயிலில் செய்த தொண்டெல்லாம் அன்னதான வரிசையில் பொறுமையாக நின்றதுதான். ஆகவே கார் ஓட்டத்தையே எழுதுகிறேன்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தவர். கொழும்பில் கார் திருத்தும் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தவர் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கனடாவின் ரொறன்ரோ நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் இரண்டு அறையில் அவரோடு நாங்கள் ஏழு பேர். இடிபட்ட கார்களுக்கு நெளிவெடுக்கும் வேலை அண்ணாவுக்கு ஸ்காபரோவில் கிடைத்தது. அடுத்த கோடையில் அந்தக் கராஜ் முதலாளி அவரை ஸ்ரௌவ்வில் ஊருக்கு அப்பால் ஒரு கார் ஓட்டப் போட்டி பார்க்கக் கூட்டிப்போனார். மனுசன் அன்றோடு கெட்டார்.

அந்தக் கூத்து வருடத்துக்கு ஒருமுறை, கோடை முடிகிற சனிக்கிழமையில் நடக்கும். முட்டை வடிவத்தில் ஒரு தெரு. வளர்ந்த ஆம்பிளைகள் பழைய கார்களில் நூறு தரம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். அதற்கு ஒரு கோப்பை, ஒரு ஒலிபெருக்கி, கருகிய இறைச்சி மணம். முதலில் மண் தரையில் ஓடினார்களாம், பிறகு தார் போட்டார்களாம். அதைப் பெரிய சரித்திரம் என்று புத்தகம் அடித்தும் விற்றார்கள்.

வெல்லும் ஆசை அண்ணாவுக்கு இருக்கவில்லை. ஒரு தடவையாவது நூறு சுற்றையும் ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்பத்தைந்தில் தானே கட்டிய காரோடு இறங்கினார். வாசல் திறந்ததும் எல்லாக் கார்களும் இடப்பக்கம் திரும்பின. கோயிலில் வலம் வந்தே பழகிய அண்ணா வலப்பக்கம் திருப்பி, எல்லோருக்கும் எதிரே போனார். சனம் எழுந்து நின்று சிரித்தது. அந்த வருடம் அவரை ஓட விடவில்லை. "இடப்பக்கமாச் சுத்துறது செத்தவீட்டிலயடா" என்று அம்மா அழுதார். மாமா அதைக் கலியாண வீடுகள்தோறும் நடித்துக் காட்டினார்.

அடுத்த வருடம் எஞ்சின் புகைந்தது. அதற்கடுத்த வருடம் சுவரில் மோதிக் கை முறிந்தது. "உவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்றார் மாமா. ஒருவரும் கொடுக்கவில்லை. தன் கார் இடிபட்டபோதெல்லாம் மாமா யாரிடம் ஓடி வந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எண்பத்தெட்டில் அண்ணாவின் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். "ஓட்டத்துக்குப் போகாதேங்கோ அண்ணா" என்று கெஞ்சினேன்.

"ஒருக்கா முடிச்சுப்போட்டு வாறன். பிறகு நீ சொல்லுறதெல்லாம் கேக்கிறன்."

நானும் கூடவே போனேன். முதலாவதாக வந்தவனுக்குக் கொடி காட்டியதும் மற்றக் கார்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. அண்ணாவுக்கு அப்போது எழுபத்தெட்டுச் சுற்றுத்தான். போட்டி முடிந்துவிட்டது என்று கை காட்டினார்கள். அவர் நிற்கவில்லை. தனியே சுற்றினார். மறிக்கப் போன ஒருவரை அண்ணாவின் முதலாளி பிடித்து நிறுத்தினார். ஒலிபெருக்கி அண்ணாவுக்காகச் சுற்றுகளை எண்ணத் தொடங்கியது. எண்ணெய் பூசிய கைகளோடு மற்றக் கார்க்காரர்கள் சுவரோரம் வந்து நின்றார்கள். இந்த விசர்க் கூத்தை எத்தனை வருடம் திட்டியிருப்பேன்! நானும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினேன்.

தொண்ணூற்றேழாவது சுற்று முடிகிற இடத்தில் பெற்றோல் தீர்ந்து கார் நின்றது. இரண்டு பேர் அவரைத் தூக்கி வெளியே எடுத்தார்கள்.

"எத்தினை?" என்று கேட்டார்.

"நூறு, அண்ணா" என்றேன்.

சிரித்தார். அந்தப் பனிக்காலம் முடியுமுன் எங்களை விட்டுப் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்து அழுது, சாப்பிட்டுப் போன உறவினர்களுக்கு நன்றி சொல்வது முறை. சொல்லியாயிற்று. மூன்று சுற்றுக் குறைவு என்பது அன்று அந்தச் சுவரோரம் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நான் தமிழில் என்ன சொன்னேன் என்று என்னிடம் கேட்டு, முதலாளி அவர்களுக்குச் சொன்னார். அண்ணா கேட்கும்படி ஒருவரும் எண்ணிக்கையைத் திருத்தவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கே எங்கள் குடும்பத்தின் நன்றி.