மூன்றாவது மெஷின்

எங்கள் அலுவலக முதலுதவி அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பிரஷர் மெஷின் பழுதாகி, அதைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் எனக்கு அவரைத் தெரியவந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஆஸ்பத்திரிகளின் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். கூட்டாளிகள் வைத்த பெயர் பாதரசம். சரிசெய்த மெஷினை வந்தவர் கையிலேயே கட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று என் கையில் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது.

"மெஷின்ல கோளாறா இருக்குமோ?" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க சார். நேரா டாக்டர்கிட்ட போங்க."

ஏன் என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

ஏழு வருஷத்துக்கு முன்பு அவர் பட்டறை வீட்டுக்குள்தான் இருந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பழுதான மெஷின்கள். ஒன்றில் ரப்பர் கசியும், ஒன்றில் பாதரசம் பாதியிலேயே நிற்கும். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

கைக்கு எட்டிய மெஷினைக் கட்டினார். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து.

"இது வந்ததுலேருந்தே புளுகுற மெஷின்," என்று ஒதுக்கி வைத்தார். அடுத்ததும் அதையே காட்டியது. அதையும் நம்பவில்லை. இரண்டையும் கழற்றினார். குழாயைத் துடைத்தார், வால்வை மாற்றினார், பாதரசத்தை வடிகட்டினார். கை பழகிய வேலை. நேரம் போனதே தெரியவில்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஊரு மெஷினெல்லாம் பாக்குறீங்க மாப்பிள்ளை, வீட்டுல ஒழுங்கா ஒண்ணு இல்லையே!"

"இருங்க அத்தை, இதோ ஆயிடுச்சு."

அப்போதுதான் மனைவி சொன்னாள், "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்குங்க."

முந்தின நாள்தான் சரிசெய்து, எடுத்துப் போக ஆள் வராமல் இருந்த மூன்றாவது மெஷினை எடுத்தார். நூற்று அறுபத்தெட்டு. தன் கையில் கட்டினார்: நூற்று இருபது. மாமியார் கையில்: நூற்று முப்பது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. கீழே கொட்டிய பாதரசம் மாதிரி அவர் நெஞ்சு சிதறி ஓடியது.

மனைவியின் கால்களை அப்போதுதான் பார்த்தார். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "பிரஷர முதல்ல எப்பப் பார்த்தீங்க?"

"பத்து மணிக்கு."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வலிப்பு வராமல் இருக்க ஒரு ஊசி, பிரஷரை இறக்க ஒரு ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கென்று இன்னொன்று. சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள்.

"ஏன் டாக்டர் இப்படி?"

"நஞ்சுக்கொடி வேர் விடும்போது கர்ப்பப்பை ரத்தக் குழாய்ங்க நல்லா அகலமாகணும். இவங்களுக்கு ஆகல, குறுகலாவே நின்னுடுச்சு. ரத்தம் பத்தல, அதனால ஆக்ஸிஜனும் பத்தல. அப்படித் தவிக்கிற நஞ்சுக்கொடி அம்மா ரத்தத்துல சில பொருள்களக் கலக்குது. அது உடம்பு முழுக்க ரத்தக் குழாய்ங்கள இறுக்குது."

தண்ணீர் எட்டாத கடைமடைப் பாத்தி மாதிரி, உள்ளே ஒரு பிஞ்சு காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவரோ மேசையில் ரப்பர் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரி பண்ண முடியாதா?" வேறு எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள வச்சு சரி பண்ண முடியாது. பிள்ளையையும் நஞ்சுக்கொடியையும் வெளிய எடுக்கணும். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் ஆபத்து."

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். தள்ளுவண்டியில் போகும்போது மனைவி அவர் விரலைப் பிடித்தாள். "மூணாவதையாவது நம்புனீங்களே," என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு வீங்கியிருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. வாழ்நாளெல்லாம் மெஷின் சத்தத்திலேயே கிடந்தவருக்கு, அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம், இரண்டரை மணி நேரம் என்று வாய் தானாக முணுமுணுத்தது. மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் வந்து, "பொண்ணு. ஒண்ணரைக் கிலோ. அழுதுச்சு," என்றார். மனைவியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். "அவங்கள இன்னும் ரெண்டு நாள் கண்காணிப்புல வச்சுப் பாக்கணும்," என்று நர்ஸே சொன்னார். அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் அளவு எழுதும் அட்டையை எட்டிப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார். மூன்றாம் நாள்தான் எண் இறங்கியது.

பட்டறை அந்த மாதமே மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அறைக்கு வந்துவிட்டது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்திலும் பிரஷர் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதால், மனைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் இப்போது ஒரே ஒரு மெஷின்தான். அதில் அவர் கை வைப்பதில்லை.