யார் நினைத்த விக்கல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு, "தலை சுத்தறதுடி" என்றார். பிறகு ஒரு விக்கல். அப்புறம் அது நிற்கவே இல்லை.

எங்கள் வீட்டில் விக்கலுக்கு ஒரே வைத்தியம்தான். யாரோ நினைக்கிறார்கள், பேரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும். இதில் ஸ்பெஷலிஸ்ட், எங்களோடு இருந்த அவருடைய அக்கா. உடனே ஆரம்பித்துவிட்டார். "பம்பாய்ல இருக்கானே சின்னவன், அவனா?" விக். "ஆதம்பாக்கம் அத்தையோ?" விக். "உன் ஆபீஸ்ல ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு இருக்காளே, அவளோ?"

நின்றுவிட்டது.

நின்றது என்றால் ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் எனக்கு அது போதாதா? "ஓஹோ, ஞாயித்துக்கிழமைகூட உங்களை நினைச்சுண்டு உக்காந்திருக்காளா?" என்று சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அவர் சுவரைப் பிடித்தபடி தள்ளாடி வந்து, கம்மிப்போன குரலில், "இடது பக்கமா யாரோ இழுக்கறாப்ல இருக்குடி" என்றார். "அவளாத்தான் இருக்கும்!" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா கொடுத்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தபோதுதான் இது வெறும் விக்கல் இல்லை என்று எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். நாங்கள் இருவரும் அவரைத் தாங்கி ஏற்றியதைப் பார்த்த டிரைவர், "இன்னாமா, காலைலயே சார் ஃபுல்லா கீறாரே?" என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "அவன் காபியைத் தவிர வேற ஒண்ணும் தொட மாட்டான்! விக்கல்ப்பா அவனுக்கு!"

"விக்கலா? அப்போ ஆரோ நெனச்சிக்கினு கீறாங்க."

"பேரெல்லாம் சொல்லியாச்சு, நீ ஓட்டுப்பா!" என்று கத்தினேன். பாவம், அடையாறு ஆஸ்பத்திரி வரைக்கும் பறந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூளையின் பின்பக்கத்துக்குப் போகிற குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். விக்கல், தள்ளாட்டம், குரல் கம்மல் எல்லாமே அதனால்தானாம். டைப்பிஸ்டுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஒரு கம்பியை விட்டு எடுத்துடுங்கோளேன், டாக்டர்" என்றேன். எங்கள் தெருச் சாக்கடை அடைத்தால் அதைத்தானே செய்வார்கள்? அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு கம்பி நம்மகிட்ட இன்னும் வரலைம்மா. மருந்து குடுத்துட்டுக் காத்திருக்கணும். அடைப்பு பரவினா மூச்சே நின்னுடலாம்."

இப்போது அந்தக் கம்பி வந்துவிட்டதாம். தொடை வழியாக விட்டு, மூளை வரைக்கும் போய்க் கட்டியை இழுத்துவிடுகிறார்களாம். பேப்பரில் படித்தபோது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மூன்று நாள் வார்டு வாசல் பெஞ்சிலேயே கிடந்தேன். எப்போதாவது ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம், கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற விக்கல் ஒன்றுதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு வந்த சேதி. எந்த விக்கல் நிற்கவேண்டும் என்று வீட்டில் அத்தனை பாடுபட்டோமோ, அதே விக்கல் நிற்கக் கூடாது என்று கபாலியிடம் வேண்டிக்கொண்டேன். டைப்பிஸ்டே நினைத்தாலும் சரி, யாராவது நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.

நாலாம் நாள் மத்தியானம் அது நின்றுவிட்டது.

யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்க, மெதுவாக விழுங்கினார். மூக்கு வழியாக ஒன்றும் வரவில்லை. பாதி மூடிய கண்ணால் என்னைப் பார்த்து, அதே கம்மிய குரலில் கேட்டார்:

"என்னடி, நினைக்கறத நிறுத்திட்டியா?"