போடியாரைக் கடித்த புல்லுச் சிலந்தி

"கடிபட்டவனக் கொண்டுவாறானுகள், கடிச்சதக் கொண்டுவாறானுகளா? அது இருந்த இடத்தையாவது பார்த்திட்டு வாறானுகளா? நான் என்ன, கனாக் கண்டா மருந்து கட்டுற?"

வவுணதீவுப் பக்கத்தில் விசகடி பார்த்த ஆச்சிப்பிள்ளை, வாசலில் ஆள் தலை தெரிந்தாலே இதைத் தொடங்கிவிடுவாள். புருசன்தான் பரிகாரியாக இருந்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்த கையோடு அவர் காய்ச்சலில் போய்ச் சேர, மருந்து அரைக்கிற கல்வம் அவள் கைக்கு வந்தது. கூடவே கடிபட்டவர்களும் வந்தார்கள். கடியைக்கூட அவள் தாங்குவாள், அவர்கள் சொல்லும் விளக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"மாமி, சிலந்தி கடிச்சிட்டு!"

"எப்பிடிச் சிலந்தி?"

"எட்டுக் கால், மாமி."

"எட்டுக் கால் இல்லாத சிலந்திய எங்க மனே கண்ட நீ? அது எங்க கிடந்த?"

"இப்ப மண்வெட்டியில ஒட்டிக் கிடக்கு, மாமி."

இப்படியானவர்களோடு மாரடித்துக்கொண்டிருந்தவளிடம்தான் ஒரு நாள் பொழுதுபட, கந்தப்போடியார் வண்டிலில் வந்து இறங்கினார். வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிற மனிதர். உள்ளங்கால் வீங்கியிருந்தது. காளை மாடு கன்று போடுகிற மாதிரி ஒரு முனகல்.

"புலிமுகச் சிலந்திகா, ஆச்சிப்பிள்ளை. ஆத்தோரத்துப் புல்லு முழுக்க அதுட வலைதான். விடியக் கொளுத்தச் சொல்லிட்டன்."

நிலம் போடியாருடையதுதான். ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில்தான் வல்லாரையும் பொடுதலையும் கிடந்தன. கோடையில் பச்சை மருந்துக்கு வேறு இடம் இல்லை. அது எரிந்தால் கல்வத்தில் அரைக்க அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

"புலிமுகம் கையளவு பெரிசு, மரப்பொந்தில கிடக்கிற விசச் சாமான், போடியார். புல்லுல பாய் விரிக்காது. ஒருக்கா என்னோட வந்து பாருங்க, மறுகா கொளுத்துங்க."

விடிந்ததும் போடியாரின் வெட்டுக்காரர் உட்பட எல்லாரும் ஆற்றோரம் நின்றார்கள். பனி விழுந்திருந்ததால் வலைகள் துலக்கமாகத் தெரிந்தன. புல் நுனிகளில் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் புனல்போல ஒரு குழல் கீழே இறங்கியது. ஆச்சிப்பிள்ளை குந்தியிருந்து ஓர் ஈர்க்குக் குச்சியால் வலையைத் தொட்டாள். குழலுக்குள்ளிருந்து ஒன்று பாய்ந்து வந்து ஈர்க்கைத் தடவிப் பார்த்தது. முதுகில் இரண்டு கறுத்த கோடு, பின்னால் வால் மாதிரி இரண்டு முனை. பூச்சி இல்லை என்று கண்டதும் திரும்பி ஓடியது.

"இது புல்லுச் சிலந்தி. நிலம் அதிர்ந்தாலே ஒளிச்சிரும்," என்று உள்ளங்கையை வலைமேல் வைத்தாள். சிலந்தி வெளியே வரவே இல்லை.

"அப்ப என்ட காலு?"

அவள் குனிந்து, ராத்திரி அவர் தொடவே விடாத பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். "ஒரு துளைதான் இருக்கு, சிலந்திப் பல்லெண்டா ரெண்டு இருக்கும். காரமுள்ளு, போடியார்."

பின்னால் நின்ற முல்லைக்காரன் நல்லரத்தினம், வேலையாட்களை மேய்க்கிறவன், வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள்ளிருந்து போடியாரின் முனகல் அப்படியே வந்தது: "ம்ம்ம்ஹா... ம்ம்ம்ஹா..." வெட்டுக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். ஆச்சிப்பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை. அங்கேதான் காரியம் கெட்டது.

போடியாரின் முகம் கறுத்துப்போனது.

"ஒரு முள்ளுக்கா நான் ராவெல்லாம் கத்தின? ஊரில இதச் சொல்லிக்கொண்டு திரியப் போறீங்களா? புலிமுகம்தான்! கொளுத்துங்கடா!"

"போடியார், கொஞ்சம் பொறுங்க, மருந்தையாவது புடுங்கிறன்..."

யாரும் பொறுக்கவில்லை. காற்றும் ஆற்றுப் பக்கமிருந்து அடித்தது. அவள் புகைக்குள் ஓடி ஒரு கை வல்லாரையைப் பிடுங்கினாள். பாதி வேரோடு வந்தது, பாதி கருகிப்போயிருந்தது. கண்ணீர் புகையினால் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் அப்படியே நினைக்க விட்டாள்.

போடியார் நொண்டிக்கொண்டே வண்டிலில் ஏறிச் சாய்ந்தார்.

"இப்ப எங்ககா உன்ட புல்லுச் சிலந்தி?"

"அது ராவைக்கே அங்கால புல்லுல பாய விரிச்சிரும் போடியார், அதுக்கென்ன நட்டம்? எரிஞ்சது உங்கட காலுக்கு வைக்க இருந்த மருந்து. முள்ளு இன்னும் உள்ளுக்கதான் கிடக்கு. நாளைக்குச் சீழ் கட்டினா என்னட்ட வராதீங்க, அந்தப் புலிமுகத்தையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க!"