காக்காய் வராத மலை

மூன்று நாள் மலையேற்றத்துக்கு நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் என் அண்ணனுக்கு ஆகாது. "வயித்தக் காயப்போட்டுட்டு மலையில என்னத்தல பாக்கப் போறானுவ?" என்பான்.

தாராவியில் எங்களுக்குத் தோல்பை தைக்கும் பட்டறை. மழை ஓய்ந்ததும் அதைப் பூட்டிவிட்டு, குர்லாவில் லோக்கல் ரயில் பிடித்துக் கசாரா மலைப்பக்கம் போய்விடுவோம். சாப்பாட்டு மூட்டை அவன் பொறுப்பு. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டிய இட்லி. மறுநாள் அங்கேயே சோறு வடித்துக் கிளறப் புளிக்காய்ச்சல். கடைசி நாளுக்கு அவலும் வெல்லமும் வறுகடலையும். அவனுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசியை ஈரத்துணியில் சுற்றி அதே மூட்டையில் வைத்திருப்பான். ஊசி போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும், டாக்டர் சொன்னது அவ்வளவுதான். ஒருநாளும் அவன் தவறியதில்லை.

கடைசியாகப் போனபோது இரண்டாம் நாள் மகாளய அமாவாசை. செத்தவர்களுக்குப் படைத்த சோற்றைக் காக்காய் கொத்தும்வரை எங்கள் வீட்டில் அவர்கள் பெற்ற பிள்ளைகள் பச்சைத்தண்ணீர்தான் குடிக்கலாம்.

"அப்பாவுக்கு மலையிலயே வச்சிருவோம். காக்கா இல்லாத ஊரு உண்டால?" என்றான்.

வெறும் வயிற்றோடு ஏறினோம். உச்சியில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டுக்கொண்டான். புளிச்சோற்றைக் கிளறி, ஒரு கை அள்ளிப் பாறைமேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். காற்றுதான் வந்தது. தாராவியில் கையிலிருக்கும் வடாபாவைப் பிடுங்குகிற சனியன்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.

கூட வந்த மராட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நூடுல்ஸைத் தின்று முடித்திருந்தார்கள். "கா லோ பாய்," என்று சாப்பிடச் சொன்னார்கள்.

"சாப்பிடுண்ணே, ஊசி போட்டிருக்க," என்றேன்.

"பொறுல, வரும். அப்பா சாப்பிடாம எனக்கு எறங்காது."

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தட்டை அவன் வாயருகே கொண்டுபோனேன், தட்டிவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா வந்துட்டியளா?" என்றான். அப்படியே சாய்ந்துவிட்டான். வெல்லத்தைப் பொடித்து உதட்டுக்குள் தடவினேன். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. பாவி, இரண்டு பேர் சாப்பிடும் சோறு பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

போர்வையில் கிடத்தி மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை. செத்த அப்பாவுக்குப் பசிக்குமென்று உயிரோடிருந்தவன் பட்டினி கிடந்தானே, அந்த மடத்தனத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது அமாவாசைப் படையல் அவனுக்கும் சேர்த்துத்தான். அவன் பெண்டாட்டி, என் மதினி, புளிச்சோறு கிளறுவாள். எங்கள் தகரக்கூரையில் சோறு வைக்குமுன்பே காக்காய்கள் வந்து கத்தும். முதல் வருஷம் நான் தட்டைப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து அவள் பதறிப்போனாள்.

"தம்பி, காக்காய்க்கு இன்னும் வைக்கலயே!"

"நீங்களும் உக்காருங்க மதினி."

அவள் இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். நாங்கள் வயிறாரத் தின்று கைகழுவிய பிறகுதான் கூரைக்குச் சோறு. அதுவரை காக்காய் காத்திருக்கட்டும்.